போதை என்று விட்டுவிடாதீர்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகல். 23 வயது இளைஞர் ஒருவரை 108 ஊர்தியில் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவந்தனர். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லராக இருப்பவர். தென்மாவட்டம் ஒன்றிலிருந்து திருப்பூருக்கு வந்து, நண்பர்கள் மூவருடன் வாடகை அறையில் தங்கியிருப்பவர். நினைவு இல்லை. போர்த்தியிருந்த துணி வரை வியர்வையில் நனைந்திருந்தது. வரும் வழியில் ஒருமுறை வலிப்பும் கண்டிருந்தது. இரத்தச் சர்க்கரையைப் பார்த்தோம்: 28. எழுபதுக்குக் கீழே இறங்கினாலே தாழ்நிலை என்கிறோம். (அவரை இன்னாரென்று காட்டக்கூடிய விவரங்களை மாற்றியே எழுதுகிறேன்.)

உடன் வந்த நண்பர் கைகளைப் பிசைந்தபடி சொன்னார்: "நேத்து சம்பள நாள் சார். கொஞ்சம் குடிச்சிட்டுப் படுத்தான். காலையில எழுப்பினோம், எந்திரிக்கல. போதை தெளியலைன்னு நெனச்சு விட்டுட்டோம்."

"அவருக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரியாதா?" என்று கேட்டேன். தெரியாது என்றார். தினமும் ஊசி போட்டுக்கொள்வதைப் பார்த்திருக்கிறார்கள். சத்து ஊசி என்று அவர் சொல்லியிருந்தாராம்.

நரம்பு வழியே குளுக்கோஸ் செலுத்தினோம். முழு நினைவு திரும்ப மறுநாள் காலை ஆயிற்று. பிழைத்துக்கொண்டார். இன்னும் இரண்டு மணி நேரம் தூங்கட்டும் என்று நண்பர்கள் விட்டிருந்தால் பிழைத்திருப்பாரா என்பதை என்னால் உறுதியாகச் சொல்ல இயலாது.

அந்த இளைஞர் எனக்குப் புதியவர் அல்லர். மூன்று ஆண்டுகளாக என்னிடமே சிகிச்சைக்கு வருபவர். ஊரிலிருந்து அவருடைய அண்ணன் வந்து உடன் அமர்ந்திருக்கும்போது, "பழக்கம் ஏதும் உண்டா தம்பி?" என்று நான் கேட்பேன். "இல்லீங்க சார்" என்பார். நானும் அட்டையில் "இல்லை" என்று குறித்துக்கொள்வேன். அண்ணன் எதிரே அமர்ந்திருக்க, எந்தத் தம்பி ஆம் என்று சொல்வான்? பதில் வராத இடத்தில் கேள்வியைக் கேட்டுவிட்டு, கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தத் தவறுதான்.

உடலுக்குள் நடப்பது

முதலாம் வகை நீரிழிவு உள்ளவரின் கணையம் இன்சுலினைச் சுரப்பதில்லை. வெளியிலிருந்து செலுத்தும் இன்சுலினே அவருக்கு உயிர். 1922-ஆம் ஆண்டு சனவரியில் கனடாவின் டொரான்டோ நகரில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்பட்டது. அதற்கு முன் இந்நோய் கண்ட பிள்ளைகள் நெடுநாள் வாழ்ந்ததில்லை. இன்று அவர்கள் படிக்கிறார்கள், வேலைக்குச் செல்கிறார்கள், மணம் செய்துகொள்கிறார்கள். மற்ற இளைஞர்களின் வாழ்க்கை முழுவதும் அவர்களுக்கும் உண்டு. அந்த வாழ்க்கையில் மதுவும் வந்து சேர்கிறது.

நாம் உண்ணாத நேரத்தில் இரத்தச் சர்க்கரை குறையாமல் காப்பது கல்லீரல். சேமித்து வைத்த சர்க்கரையை அது சிறிது சிறிதாக வெளிவிடும். சேமிப்பு குறையும்போது புதிதாகவும் சர்க்கரையை ஆக்கித் தரும். மது உள்ளே வந்தவுடன் அதை முறிக்கும் வேலையில் கல்லீரல் இறங்கிவிடுகிறது. புதிதாகச் சர்க்கரை ஆக்கும் பணி அப்போது முடங்குகிறது. நோயில்லாதவருக்குச் சர்க்கரை இறங்க இறங்க இன்சுலின் சுரப்பும் தானே குறைந்துவிடும். ஊசியால் செலுத்திய இன்சுலினைத் திரும்ப அழைக்க முடியாது. அது தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும்.

அளவையும் கணக்கிட்டுப் பார்ப்போம். நம் ஊரில் "குவார்ட்டர்" எனப்படுவது 180 மில்லிலிட்டர். பிராந்தி, ரம், விஸ்கி ஆகியவற்றில் மதுச்சத்து ஏறத்தாழ 42.8 விழுக்காடு. அப்படியானால் ஒரு குவார்ட்டரில் சுமார் 60 கிராம் தூய மது இருக்கிறது. மருத்துவக் கணக்கில் 10 கிராம் ஓர் அலகு. ஆகவே ஒரு குவார்ட்டர் ஆறு அலகுகள். கல்லீரல் ஓர் அலகை முறிக்க ஏறத்தாழ ஒரு மணி நேரமோ அதற்குச் சற்றுக் கூடுதலோ ஆகும். இரவு பத்து மணிக்குக் குடித்த குவார்ட்டரின் வேலை விடியற்காலை வரை முடிவதில்லை. சர்க்கரைத் தாழ்நிலை குடிக்கும்போதே வராமல், தூக்கத்திலோ மறுநாள் காலையிலோ, சிலருக்கு 24 மணி நேரம் கழித்தோ வருவது இதனால்தான்.

திருப்பூரின் சனிக்கிழமை இதனோடு இன்னும் இரண்டைச் சேர்க்கிறது. காலை எட்டரைக்குத் தொடங்கி இரவு எட்டு, எட்டரை வரை நீளும் ஒன்றரை ஷிப்ட் உழைப்பு ஒன்று. கட்டிங்கிலும் அயர்னிங்கிலும் நாள் முழுதும் நின்று உழைத்தவரின் கல்லீரலில் சர்க்கரைச் சேமிப்பு ஏற்கெனவே குறைந்திருக்கும். மற்றொன்று வெறும் வயிறு. வாரக்கூலி கைக்கு வந்ததும் நேரே கடைக்குச் செல்கிறார்கள். உடன் உண்பது ஊறுகாயும் வறுத்த கறியும். இவற்றில் மாவுச்சத்து இல்லை என்றே சொல்லலாம். நம் இளைஞரும் அன்று அதையேதான் செய்தார். இரவு உணவுக்கு முன் போடவேண்டிய இன்சுலினை மறவாமல் போட்டுக்கொண்டார்; உணவைத்தான் மறந்தார்.

இரண்டும் அறிந்த ஒருவர்

வியர்வை, தள்ளாட்டம், குழறல், காரணமில்லாக் கோபம், எழுப்பினாலும் எழாத உறக்கம். இவை போதையின் அறிகுறிகள். சர்க்கரைத் தாழ்நிலையின் அறிகுறிகளும் இவையே. தேர்ந்த மருத்துவரும் கண்ணால் பார்த்து இரண்டையும் பிரித்தறிய இயலாது. குளுக்கோமீட்டரில் ஒரு துளி இரத்தம் வைத்துப் பார்த்தால் ஐந்து நொடியில் தெரிந்துவிடும். ஆனால் அதைப் பார்க்கவேண்டும் என்ற எண்ணம் அருகில் இருப்பவருக்கு வரவேண்டும்.

ஏன் வருவதில்லை? நம் இளைஞர்கள் இரண்டு மறைப்புகளோடு வாழ்கிறார்கள். வீட்டாருக்கு நோய் தெரியும், குடி தெரியாது. அறைத் தோழர்களுக்குக் குடி தெரியும், நோய் தெரியாது. நோய் வெளியே தெரிந்தால் வேலை போய்விடுமோ, பெண் கொடுக்க மாட்டார்களோ என்ற அச்சம் ஒருபுறம். குடி தெரிந்தால் அப்பாவின் முகத்தில் எப்படி விழிப்பது என்ற கூச்சம் மறுபுறம். இளம்பெண்களிடம் இந்த மறைப்பு இன்னும் இறுக்கமாக இருக்கிறது. இரண்டையும் அறிந்தவர் ஒருவரும் அருகில் இல்லாத இரவில்தான் உயிர் போகிறது. என் கருத்தில், இந்நோய் உள்ள இளைஞருக்கு நாம் செய்யக்கூடிய மிகப்பெரிய பாதுகாப்பு, இரண்டையும் அறிந்த ஒருவரை அவருக்கு அருகில் உண்டாக்குவதே.

"குடிக்கக் கற்றுக்கொடுக்கிறீர்களா, டாக்டர்?" என்று பெற்றோர் சிலர் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. என் அறிவுரை இன்றும் குடிக்க வேண்டாம் என்பதுதான். உடல்நலத்துக்குத் தீங்கற்ற மது அளவு என்று ஏதுமில்லை என உலக சுகாதார நிறுவனம் 2023-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. 21 வயதுக்குட்பட்டவருக்கு மது விற்பதைத் தமிழ்நாட்டில் சட்டமே தடுக்கிறது. கல்லீரல் நோய், கணைய அழற்சி, வலிப்பு நோய், நரம்புப் பாதிப்பு உள்ளவர்களும், கருவுற்ற பெண்களும், சர்க்கரை இறங்குவதை உடல் உணர்த்தும் திறனை இழந்தவர்களும் ஒரு துளியும் தொடலாகாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

ஆனால் நம் மாநிலத்தில் மதுவைப் பற்றிய பேச்சு எப்போதும் வேண்டுமா, வேண்டாமா என்பதோடு நின்றுவிடுகிறது. 1937-இல் சேலத்தில் மதுவிலக்குத் தொடங்கிய காலம்தொட்டு அந்த விவாதம் ஓயவில்லை. அது நடக்கட்டும். அது முடியும்வரை என் நோயாளி காத்திருக்க முடியாது. தலைக்கவசம் அணியச் சொல்பவர் வண்டியிலிருந்து விழச் சொல்வதில்லை. "குடிக்காதே" என்ற ஒரு சொல்லோடு நான் நிறுத்திக்கொண்டால், அதைக் கேட்காத பிள்ளை அடுத்த வாரம் என்னிடமே பொய் சொல்வான். பொய் சொன்னவனுக்கு நான் எந்த எச்சரிக்கையும் தர இயலாது.

குடிப்பவர் அறிந்திருக்க வேண்டியவை

வெறும் வயிற்றில் குடிக்கக் கூடாது. சோறோ சப்பாத்தியோ முதலில் உண்ணுங்கள். ஒன்றரை ஷிப்ட் முடித்த இரவிலும், கடுமையாக விளையாடிய நாளிலும் குடிப்பதைத் தவிருங்கள். அளவு ஆணுக்கு இரண்டு அலகு, பெண்ணுக்கு ஓர் அலகு என்பதைத் தாண்டக் கூடாது. அதாவது 60, 30 மில்லிலிட்டர். குவார்ட்டர் என்பது அளவே அன்று. இனிப்புச் சோடாவோடு கலந்தால் முதலில் சர்க்கரை ஏறும். அதைப் பார்த்துக் கூடுதல் இன்சுலின் போட்டுக்கொண்டால் நள்ளிரவில் படுகுழியில் இறங்கும்.

குடிப்பதற்கு முன்பும், படுக்கப் போகும் முன்பும், நடு இரவில் ஒருமுறையும், விழித்தவுடனும் சர்க்கரையைப் பாருங்கள். படுக்கும்போது 140-க்குக் கீழே இருந்தால் இரண்டு இட்லியோ சப்பாத்தியோ உண்டுவிட்டுப் படுங்கள். இரவில் எழ அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலை உணவைத் தள்ளிப்போடாதீர்கள்.

குடித்துவிட்டோமே என்று அஞ்சி நீண்டநேர இன்சுலினை முற்றிலும் நிறுத்திவிடுவது இன்னொரு தவறு. அப்போது சர்க்கரை ஏறி, இரத்தத்தில் அமிலம் சேர்ந்து, வாந்தியும் வயிற்று வலியும் பெருமூச்சும் உண்டாகும். அதையும் குடித்த மயக்கம் என்றே பலர் விட்டுவிடுகிறார்கள். அது மருத்துவமனைக்கு உடனே வரவேண்டிய நிலை. இருவேளைக் கலவை இன்சுலின் போடுபவர்கள், உணவு தவறும் இரவில் அளவை என்ன செய்வது என்பதைத் தங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

சட்டைப் பையில் ஒரு சிறு அட்டை இருக்கட்டும்: "எனக்கு முதலாம் வகை நீரிழிவு உள்ளது. நான் மயங்கிக் கிடந்தால் போதை என்று எண்ண வேண்டாம். சர்க்கரையைப் பாருங்கள். 108-ஐ அழையுங்கள்."

அருகில் இருப்பவர் செய்ய வேண்டியவை

குடித்துவிட்டுப் படுத்தவர் நீரிழிவு உள்ளவர் என்றால், அவரைத் தூங்கட்டும் என்று விடாதீர்கள். எழுப்புங்கள். எழுந்து தெளிவாகப் பேசுகிறாரா என்று பாருங்கள். சர்க்கரை 70-க்குக் கீழே இருந்தாலோ, பார்க்கக் கருவி இல்லாமல் ஐயம் மட்டும் இருந்தாலோ, மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். கால் மணி நேரத்தில் தேறாவிட்டால் மீண்டும் ஒருமுறை கொடுங்கள். தேறியதும் உணவு கொடுங்கள். அந்த இரவு மீண்டும் இறங்கக்கூடும் என்பதால் உடனிருங்கள்.

நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள். குளுக்ககான் ஊசி கைவசம் இருந்தால் போடலாம். ஆனால் அது கல்லீரலில் உள்ள சேமிப்பை வெளிக்கொணரும் மருந்து. மது அருந்தியவருக்குச் சரிவர வேலை செய்யாமல் போகலாம். அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். ஊர்தியில் வருபவரிடம், குடித்திருக்கிறார் என்பதோடு இன்சுலின் போடுபவர் என்பதையும் தவறாமல் சொல்லுங்கள். முதல் செய்தியை மட்டும் சொன்னால் இரண்டாவது மறைந்துபோகும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளை என்னிடம் தனியாகப் பேச அனுமதியுங்கள். அவர் என்னிடம் சொல்வதை நான் உங்களிடம் சொல்லமாட்டேன், அதனால் வருந்தாதீர்கள். வீட்டிலும் ஒரு வாக்குறுதி கொடுங்கள்: "எந்த நிலையில் இருந்தாலும், எந்த நேரமானாலும் எங்களை அழை. அன்று கேள்வி கேட்கமாட்டோம்." மறுநாள் கோபித்துக்கொள்ள நேரம் இருக்கிறது.

அந்த இளைஞர் இப்போதும் மாதந்தோறும் வருகிறார். நோயைப் பற்றி அறைத் தோழர்களிடம் அவரே சொல்லிவிட்டார். வேலை போகவில்லை, கம்பெனி மேற்பார்வையாளர் தேநீர் இடைவேளையில் அவரைச் சாப்பிட்டாயா என்று கேட்கிறாராம். அறையில் ஒரு டப்பாவில் சர்க்கரையும், அதனருகில் குளுக்கோமீட்டரும் இருக்கின்றன. நண்பர் ஒருவர் அதைப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டிருக்கிறார். அன்றிலிருந்து குடிக்கவில்லை என்கிறார் இளைஞர். நம்புகிறேன். ஆயினும் ஒவ்வொரு முறையும் அண்ணனை வெளியே அமரச் சொல்லிவிட்டு அதே கேள்வியைக் கேட்கிறேன். இப்போது அவர் பதில் சொல்வதற்கு முன் சற்று யோசிக்கிறார். முன்பெல்லாம் யோசித்ததில்லை. அந்தத் தயக்கத்தை நான் நல்ல அடையாளமாகவே கொள்கிறேன்.