சீர்மேடையில் வளர்ப்பு நாய்

அமராவதிக் கரையிலுள்ள தாராபுரம் வட்டாரத்தில், வேளாளர் திருமணங்களை மரபுப்படி நடத்திவைக்கும் மூத்தோரான அருமைக்காரரும், மணமகனோடு அவன் சகோதரியையும் சேர்த்துச் செய்யப்படும் இணைச்சீரும், மணம் என்பது உறவுகள் பலவற்றுக்கும் இடமளிக்கும் நிகழ்வு என்பதை உணர்த்துவதால், சாளை எனப்படும் தோட்டத்து வீட்டைக் காத்துவரும் நாயையும் அதில் சேர்க்க விரும்புவது மரபுக்கு அந்நியமன்று. நாயைப் பைரவரின் ஊர்தியாகப் போற்றும் மண் இது. ஆயினும், மனிதச் செவியின் எல்லையான 20,000 ஹெர்ட்ஸைக் கடந்த ஒலிகளையும் கேட்கும் அவ்வுயிரை, தவிலும் வெடியும் முழங்கும் மேடையில் பட்டுடுத்தி நிறுத்துவது அன்பாகாது. கூட்டம் சேருமுன் வீட்டு வாசலில் முகூர்த்தக்கால் நடும் வேளையே அதற்கு உகந்தது. அப்போதும், நாய்க்கு நஞ்சாகும் அரளிப்பூ கலவாத மாலையே அணிவிக்கப்பட வேண்டும்.