துப்பாக்கி உரிமம் யாருக்கு? கலெக்டர் அலுவலகத்தில் தூங்கும் 3ஆவது விதி

சைலன்சர் என்றால் நமக்குத் தெரிந்தது பைக்கின் புகைக்குழாய்தான். அதையும் நம் பிள்ளைகள் ஊர்த்தெரு வழியாக ஓட்டிப் போனால் வெட்டு விழுகிறது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் வேறொரு சைலன்சரைப் பற்றிப் பேசுகிறது. துப்பாக்கி வெடிக்கும் சத்தத்தைக் குறைக்கிற கருவி அது. சட்டத்தின் 2ஆவது பிரிவு அந்தக் கருவியையும் 'துப்பாக்கி' என்ற சொல்லுக்குள்ளேயே அடக்கிவிடுகிறது. உரிமம் இல்லாமல் அதை மட்டும் கையில் வைத்திருந்தாலே குற்றம். சட்டம் அவ்வளவு கறார்! ஆனால் யாரிடம் கறார் என்பதுதான் நம் கேள்வி.

உரிமம் கேட்பவருக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். காவல்துறை அறிக்கை வேண்டும். மாவட்டத்தில் கலெக்டரும் மாநகரில் போலீஸ் கமிஷனரும் முடிவு செய்கிறார்கள். இதே சட்டத்தின் 14ஆவது பிரிவு, போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக உரிமத்தை மறுக்கக் கூடாது என்கிறது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். மேல்முறையீட்டுக்கு 18ஆவது பிரிவு இருக்கிறது. காகிதத்தில் எல்லாம் சமம். நடைமுறையில் நம் ஆட்கள் போய் நின்றால் வரும் முதல் கேள்வி, "உனக்கு எத்தனை ஏக்கர்? எதைப் பாதுகாக்கப் போற?" என்பதுதான். நிலம் இருப்பவனுக்கு உயிர் இருக்கிறது, நிலம் இல்லாதவனுக்கு உயிர் இல்லை என்பதே இதன் பொருள்.

இது புதிதல்ல. 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்தியர்களை உரிமம் வாங்கச் சொல்லிவிட்டு ஐரோப்பியர்களுக்கு விலக்கு தந்தது. அந்தப் பிறப்பு வழிச் சலுகையின் மிச்சம் இன்றும் உண்டு. கர்நாடகத்தின் குடகில் பிறப்பால் குடவர்களாக இருப்பவர்களுக்கும் 'ஜம்மா' நிலம் வைத்திருப்பவர்களுக்கும் உரிமம் பெறுவதிலிருந்து விலக்கு. 2019இல் ஒன்றிய அரசு இதை 2029 வரை நீட்டித்தது. 2021இல் கர்நாடக உயர்நீதிமன்றமும் செல்லும் என்றது. பிறப்பும் நிலமும் துப்பாக்கிக்குத் தகுதியாகலாம் என்றால், பிறப்பின் பெயரால் கொல்லப்படுகிறவனுக்கு என்ன தகுதி வேண்டும்?

தோழர்களே, இதற்குப் பதில் ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது. 1995ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்பு விதிகளின் 3ஆவது விதியை எடுத்துப் படியுங்கள். வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதிகளை மாநில அரசு முதலில் அடையாளம் காண வேண்டும். தேவைப்பட்டால் அங்குள்ள பட்டியல் சாதி, பழங்குடி அல்லாதோரின் துப்பாக்கி உரிமங்களை ரத்து செய்து, ஆயுதங்களை அரசுக் கிடங்கில் ஒப்படைக்கச் செய்ய வேண்டும். சட்டவிரோதத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்ய வேண்டும். அவசியமென்றால் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு உரிமம் வழங்க வேண்டும். கோரிக்கை மனுவில் நாம் எழுதிய வரிகள் அல்ல இவை, அரசிதழில் வந்த விதி.

1997 டிசம்பர் 1 இரவு, பீகாரின் லட்சுமண்பூர் பாத்தேவில் 58 தலித்துகளை ரண்வீர் சேனா சுட்டுக் கொன்றது. விதி வந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. கீழ் நீதிமன்றம் தண்டித்த 26 பேரையும் 2013இல் பாட்னா உயர்நீதிமன்றம் விடுவித்தது. 2019 ஜூலையில் உத்தரப்பிரதேசத்தின் சோன்பத்ரா மாவட்டம் உம்பாவில், உழுத நிலத்தை விட மறுத்த கோண்டு பழங்குடியினர் பத்துப் பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்தத் துப்பாக்கிகளுக்கு உரிமம் இருந்ததா என்று நாம் தேட வேண்டியதில்லை. உரிமம் இருந்தால் ரத்து செய், இல்லாவிட்டால் பறிமுதல் செய் என்று விதி இரண்டுக்கும் வழி சொல்லியிருக்கிறது.

"அப்படியென்றால் சேரிக்குச் சேரி துப்பாக்கி கேட்கிறீர்களா?" என்பார்கள். நாம் முதலில் கேட்பது அதை அல்ல. நம் கையில் ஒரு துப்பாக்கி இருந்தால் முதலில் யார் மீது வழக்குப் பாயும் என்பது நமக்குத் தெரியும். ஆதிக்கச் சாதியின் கையிலிருப்பதை முதலில் இறக்குங்கள் என்கிறோம். அதைச் செய்ய முடியாத அரசுக்கு, நம் தற்காப்பைப் பார்த்து முகம் சுளிக்கும் தகுதி கிடையாது.

சும்மா இருக்க வேண்டாம். உங்கள் மாவட்டத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மூன்று கேள்விகள் அனுப்புங்கள். 3ஆவது விதியின்படி அடையாளம் கண்ட பகுதிகள் எவை? அங்கே எத்தனை துப்பாக்கி உரிமங்கள் ரத்து செய்யப்பட்டன? பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு எத்தனை உரிமங்கள் வழங்கப்பட்டன? மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டிய மாவட்டக் கண்காணிப்புக் குழுவில் அந்தப் பதிலை வையுங்கள். கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அதிகாரிக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை என்கிறது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆவது பிரிவு. அதையும் நினைவூட்டுங்கள்.

துப்பாக்கிக்கு மாட்டும் சைலன்சருக்கு உரிமம் கேட்கிற அரசு, இந்த விதியின் வாயில் தானே ஒரு சைலன்சரை மாட்டி வைத்திருக்கிறது. அதைக் கழற்றுவது நம் வேலை.