அடியில் பேரரசர் பெயர் இருந்தால் அது பழைய பீங்கானா? வாங்கும் முன் இதைப் படிங்க!

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஒருவர், வீட்டு வாசலில் நடந்த பழைய சாமான் விற்பனையில் 35 டாலருக்கு ஒரு சின்னக் கிண்ணம் வாங்கினார். 2021 மார்ச்சில், நியூயார்க் சோத்பீஸ் ஏலத்தில் அது 7,21,800 டாலருக்கு விலைபோனது! 15-ம் நூற்றாண்டில், சீனப் பேரரசர் யோங்லே காலத்தில் செய்த கிண்ணம் அது. அதன் வடிவத்தையும் நீலப் பூ வேலைப்பாட்டையும் வழவழப்பையும் வைத்துத்தான் நிபுணர்கள் அதை அடையாளம் கண்டார்கள்.

ஆனால், நம்மில் பலரும் பீங்கானைக் கவிழ்த்து, அடியில் முத்திரை இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்போம். அந்த முத்திரையை எந்த அளவுக்கு நம்பலாம்?

எப்படிப் படிப்பது?

பெரும்பாலும் 6 எழுத்துகள், இரண்டு வரிசையாக இருக்கும். வலது வரிசையை மேலிருந்து கீழாகப் படித்துவிட்டு, இடது வரிசைக்கு வர வேண்டும். முதல் இரண்டு எழுத்துகள் வம்சத்தைச் சொல்லும்: 'தா மிங்' அல்லது 'தா ச்சிங்'. அடுத்த இரண்டு, பேரரசரின் ஆட்சிப் பெயர்: செங்ஹுவா (1465-1487), காங்ஷி (1662-1722), சியான்லோங் (1736-1795) என்பதுபோல. கடைசி இரண்டு எழுத்துகளுக்கு, 'அந்த ஆட்சிக்காலத்தில் செய்தது' என்று அர்த்தம்.

சிக்கல் இங்கேதான்!

பீங்கானுக்குப் பேர்போன ஜிங்தெஜென் நகரில், பழைய பேரரசரின் பெயரைப் புதிய பாத்திரத்தில் எழுதுவது சகஜம். ஏமாற்றுவதற்காக மட்டுமல்ல, முன்னோரின் வேலைத்திறனுக்குச் செய்யும் மரியாதையாகவும் எழுதினார்கள். 1677-ல் அந்த ஊர் அதிகாரி, காங்ஷி பெயரைப் பாத்திரத்தில் எழுதவே தடை போட்டார். உடைந்தால் பேரரசர் பெயர் குப்பையில் கிடக்குமே என்ற கவலை! அதனால் சிலர் வெறும் இரட்டை வட்டமோ, ஓர் இலையோ வரைந்தார்கள். சிலர் 200 வருடத்துக்கு முந்தைய செங்ஹுவாவின் பெயரை எழுதினார்கள்.

ஆக, ஒன்றை மறக்காதீர்கள். முத்திரையில் உள்ள காலத்துக்கு முன்பு அந்தப் பாத்திரத்தைச் செய்திருக்க முடியாது. பிறகு எப்போது வேண்டுமானாலும் செய்திருக்கலாம், போன வருடம்கூட!

வேறு என்ன பார்க்கலாம்?

* ஆங்கிலத்தில் 'சைனா' என்று இருந்தால், பெரும்பாலும் 1891-க்குப் பிந்தையது. இறக்குமதிப் பொருள்களில் நாட்டின் பெயர் வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் சொன்னது அப்போதுதான்.
* போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். அச்சுப் புள்ளிகள் தெரிந்தால் நவீன காலத்துச் சரக்கு.
* 'மைக்ரோவேவ் சேஃப்' என்று இருந்தால், சந்தேகமே வேண்டாம்!
* அருங்காட்சியகங்களின் இணையதளத்தில் அதே ஆட்சிக்காலப் பாத்திரங்களின் அடிப்பாகப் படங்கள் கிடைக்கும். எழுத்தின் வளைவு, அடி விளிம்பின் வடிவம் இரண்டையும் ஒப்பிடுங்கள்.

விற்பவர் முத்திரையை மட்டும் காட்டி விலை பேசினால், பர்ஸைத் திறக்காதீர்கள். முழுப் பாத்திரத்தையும் விவரம் தெரிந்தவரிடம் காட்டிவிட்டு, அப்புறம் முடிவெடுங்கள்.