'பழைய மாதிரி இல்ல' என்பது விமர்சனமா? 'நீதானே என் பொன்வசந்தம்' முதல் லிங்கின் பார்க் வரை

ஒரு ஆல்பம் மாலை 6 மணிக்கு வெளியாகிறது. 6.10-க்கு முதல் தீர்ப்பு வந்துவிடுகிறது: "பழைய ஃபீல் இல்ல ப்ரோ." எட்டுப் பாடல்களை முழுசாகக் கேட்கவே அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அப்படியென்றால், பத்து நிமிடத்தில் வந்த அந்தத் தீர்ப்பு எதைப் பற்றியது?

சென்னையில் இருப்பவருக்கும், திருச்சி மாவட்டம் மருங்காபுரியில் இருப்பவருக்கும் இன்று பாட்டு ஒரே நொடியில் கிடைக்கிறது. கேசட் காலத்தில் அப்படி இல்லை. மணப்பாறைக்கோ திருச்சிக்கோ போகிற யாராவது வாங்கி வர வேண்டும். அந்தக் காத்திருப்பு ஒழிந்தது நல்லதுதான். ஆனால் கூடவே இன்னொரு பழக்கமும் போய்விட்டது. காசு கொடுத்து வாங்கியாச்சே என்பதற்காகவாவது ஒரு கேசட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிடுவார்கள். முதல் நாள் பிடிக்காத பாட்டுக்கு இரண்டாவது வாரம் ஒரு வாய்ப்பு கிடைத்தது அப்படித்தான்.

2012-ல் என்ன நடந்தது?

இதற்கு நல்ல உதாரணம் 'நீதானே என் பொன்வசந்தம்'. 1976-ல் 'அன்னக்கிளி'யில் தொடங்கிய இளையராஜா, 36 ஆண்டுகள் கழித்து கௌதம் வாசுதேவ் மேனனுடன் இணைந்த படம். மொத்தம் எட்டுப் பாடல்கள், எல்லாமே நா.முத்துக்குமார் எழுதியவை. வெளிநாட்டு இசைக் கலைஞர்களை வைத்துப் பதிவு செய்யப்பட்ட இசை. 2012 செப்டம்பரில் பாடல்கள் வெளியாகின. படம் டிசம்பர் 14-ல் வந்தது.

கேட்டவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். ஒரு தரப்புக்கு அது ராஜாவின் பெரிய ரிட்டர்ன். இன்னொரு தரப்புக்கு ஏமாற்றம். யுவன் ஷங்கர் ராஜா பாடியது ஏன், எண்பதுகளின் அந்த மெலடி எங்கே, 'புடிக்கல மாமு' ராக் கிடாரில் தொடங்கி நடுவில் குத்துக்கு ஏன் தாவுகிறது எனக் கேள்விகள் நீண்டன.

கவனிக்க வேண்டிய விஷயம், படத்தின் பெயரே 1982-ல் வந்த 'நினைவெல்லாம் நித்யா' படப் பாடலிலிருந்து எடுக்கப்பட்டது. அதாவது, பெயரைக் கேட்டதுமே எண்பதுகள் நினைவுக்கு வந்துவிடும். புதுப் பாடல்கள் போட்டி போட வேண்டியிருந்தது அதே ஆண்டில் வந்த மற்ற ஆல்பங்களோடு அல்ல, ரசிகர்களின் முப்பது வருட ஞாபகத்தோடு.

படம் பெரிய வெற்றி பெறவில்லை. ஆனால் 'சாய்ந்து சாய்ந்து', 'காற்றைக் கொஞ்சம்', 'என்னோடு வா வா' எல்லாம் இன்றைக்கும் பலருடைய பிளேலிஸ்ட்டில் இருக்கின்றன. மெதுவாகத் தொடங்கி வயலின்கள் சூழ உயர்ந்துகொண்டே போகும் 'சற்று முன்பு' பாட்டுக்கு இப்போது தனி ரசிகர் கூட்டமே உண்டு. பாட்டில் ஒரு ஸ்வரம்கூட மாறவில்லை. மாறியது கேட்பவர்கள்தான்.

லிங்கின் பார்க் கதை

இது தமிழ் ரசிகர்களின் குணம் மட்டுமில்லை. திருச்சி உட்பட தமிழ்நாட்டின் பொறியியல் கல்லூரி விடுதிகளில் 2000-களில் பென் டிரைவ் வழியாகக் கைமாறிய பெயர் லிங்கின் பார்க். 2000 அக்டோபரில் வந்த 'ஹைப்ரிட் தியரி', 2003-ல் வந்த 'மீட்டியோரா' ஆகிய இரண்டும்தான் பலருக்கு அறிமுகமான முதல் ராக் ஆல்பங்கள். கிடாரின் இரைச்சல், ராப், செஸ்டர் பென்னிங்டனின் அலறல். இதுதான் லிங்கின் பார்க் என்று ரசிகர்கள் முடிவு செய்துவிட்டார்கள்.

2017 மே 19-ல் ஏழாவது ஸ்டுடியோ ஆல்பமான 'ஒன் மோர் லைட்' வந்தது. அலறல் கிட்டத்தட்ட இல்லை. மென்மையான பாப் பாடல்கள். அமெரிக்காவின் பில்போர்டு 200 பட்டியலில் முதலிடத்தில் நுழைந்தாலும், 'விலை போய்ட்டாங்க' என்ற பேச்சு கிளம்பியது. பழைய ஆல்பத்தையே பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள் என்ற பொருளில் செஸ்டர் பேட்டிகளில் வெளிப்படையாகவே கோபப்பட்டார்.

இரண்டே மாதத்தில், ஜூலை 20-ல், செஸ்டர் உயிரை மாய்த்துக்கொண்டார். விமர்சனத்தையும் அந்த மரணத்தையும் முடிச்சுப் போடுவது தவறு. மன அழுத்தத்தோடும் போதைப் பழக்கத்தோடும் அவர் பல ஆண்டுகள் போராடியவர். ஆனால் ஆல்பம் பற்றிய பேச்சு தலைகீழானது. இசைக்குழுவுக்கு நெருக்கமான ஒருவரின் மறைவுக்காக எழுதப்பட்ட 'ஒன் மோர் லைட்' பாட்டு, செஸ்டருக்கான அஞ்சலியாகவே மாறிப்போனது. 'மொக்கை' எனப்பட்ட ஆல்பம் 'காவியம்' ஆனது.

நேர்மையாகச் சொன்னால், இரண்டுமே அவசரத் தீர்ப்புதான். முதலில் ஏமாற்றம் பேசியது, பிறகு துக்கம் பேசியது. இசையைப் பற்றி இரண்டு முறையும் குறைவாகவே பேசப்பட்டது. 2024 நவம்பரில் எமிலி ஆம்ஸ்ட்ராங் பாடிய 'ஃப்ரம் ஜீரோ' வந்தபோதும் இதே கதைதான். பாட்டு எப்படி என்பதைவிட, செஸ்டர் இடத்தில் இன்னொருவரா என்பதே பெரிய விவாதமாக இருந்தது.

நம் மூளை என்ன செய்கிறது?

இதற்கு உளவியலில் இரண்டு விளக்கங்கள் உண்டு. ஒன்று, ஒரு விஷயம் பழகப் பழகப் பிடிக்க ஆரம்பிக்கும். 1960-களிலிருந்தே ஆய்வாளர்கள் இதைச் சொல்லி வருகிறார்கள். ஏ.ஆர்.ரஹ்மான் ரசிகர்கள் 'ஸ்லோ பாய்சன்' என்று சொல்வதும் இதைத்தான். இரண்டாவது, பத்து வயது முதல் முப்பது வயது வரை நடந்தவை மற்ற வயது நினைவுகளைவிட ஆழமாகப் பதிகின்றன. பிளஸ் டூ படிக்கும்போது கேட்ட பாட்டில் அந்த வயதும், அப்போதைய நண்பர்களும், பஸ் பயணமும் சேர்ந்தே ஒலிக்கும். முப்பது வயதில் கேட்கும் புதுப்பாட்டு தனியாக வந்து நிற்கிறது. போட்டியே சமமாக இல்லை.

1992-ல் 'ரோஜா' வந்தபோது 'இது கம்ப்யூட்டர் மியூசிக்' என்று முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். இன்று ரஹ்மானின் எந்தப் புது ஆல்பத்தையும் அடிக்க எடுக்கப்படும் குச்சியே அந்தத் தொண்ணூறுகள்தான்.

இதில் செயலிகளுக்கும் பங்கு உண்டு. ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 30 விநாடி ஓடினாலே ஒரு ஸ்ட்ரீமாகக் கணக்கு. ரீல்ஸுக்கு அதைவிடக் குறைவாக இருந்தாலும் போதும். மூன்றாவது நிமிடத்தில் உச்சத்துக்குப் போகும் பாட்டு, இந்தக் கணக்கில் முதல் ரவுண்டிலேயே தோற்றுவிடுகிறது.

அப்போ, பிடிக்கலன்னு சொல்லவே கூடாதா?

தாராளமாகச் சொல்லலாம். பெரிய பெயர் என்பதற்காக எல்லாவற்றையும் தலையில் தூக்கி வைக்க வேண்டியதில்லை. 'ஸ்லோ பாய்சன்' என்ற வார்த்தையே சில நேரம் சாக்காகிவிடுகிறது. பத்து முறை கேட்டும் ஒட்டாத பாட்டு, சுமாரான பாட்டாகவும் இருக்கலாம். 'நீதானே என் பொன்வசந்தம்' ஆல்பத்தில் யுவன் குரல் சில பாடல்களுக்குப் பொருந்தவில்லை என்று இன்றைக்கும் ஒருவர் சொன்னால், அது நியாயமான விமர்சனம். ஏனென்றால் அது பாட்டுக்குள் இருக்கும் ஒன்றைச் சுட்டுகிறது.

'பழைய மாதிரி இல்ல' என்பது அப்படியில்லை. 'இந்தப் பாட்டு நல்லா இல்ல' என்பது பாட்டைப் பற்றியது. 'பழைய மாதிரி இல்ல' என்பது சொல்பவரைப் பற்றியது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் பிரச்சினை.

அதற்கான விலையும் சின்னதில்லை. முதல் நாள் பேச்சுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும் என்றால், கலைஞர்கள் பழைய ஹிட்டையே வேறு சட்டை மாட்டி அனுப்புவார்கள். தயாரிப்பாளர்களும் அதைத்தான் கேட்பார்கள். அப்புறம் 'எல்லாம் ஒரே மாதிரி இருக்கு' என்று புலம்பப் போவதும் அதே ரசிகர்கள்தான்.

அடுத்த ஆல்பம் வரும்போது ஒரு சின்ன முயற்சி போதும். வரிசை மாற்றாமல், ஸ்கிப் செய்யாமல் ஒரு தடவை. இரண்டு நாள் கழித்து ஹெட்போனில் இன்னொரு தடவை. அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால், எந்த இடத்தில், ஏன் என்று சேர்த்துச் சொல்லுங்கள். இசையமைப்பாளருக்கு அது பயன்படுகிறதோ இல்லையோ, உங்களுக்கு எது பிடிக்கும் என்பது உங்களுக்காவது தெளிவாகத் தெரியும்.