கூலியைத் திருடியது கம்பெனியா?

கடையில் வேலை செய்கிறவன் கல்லாப்பெட்டியிலிருந்து பத்து ரூபாயை எடுத்துவிட்டால் அவனுக்குத் திருடன் என்று பெயர். போலீசும் ஜெயிலும் அவனுக்குத் தயாராயிருக்கின்றன. ஆனால் அவனுடைய சம்பளத்திலிருந்து முதலாளி பதினாயிரம் ரூபாயை எடுத்துக்கொண்டால் அதற்குக் கணக்குப் பிசகு என்று பெயர். அந்தப் பிசகையும் தாம் செய்ததாக முதலாளி ஒப்புக்கொள்வதில்லை. கம்பெனி செய்தது என்று சொல்லிவிடுகிறார். அந்தக் கம்பெனி என்கிற ஆசாமி எங்கே குடியிருக்கிறார், என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளைக் காணோம்.

இந்த ஆசாமி பலம் பெற்ற கதை வேடிக்கையானது. இங்கிலாந்தில் ஆரன் சாலமன் என்ற பூட்ஸ் வியாபாரி ஒருவர் இருந்தார். ஏழு பேர் சேர்ந்தால்தான் கம்பெனி என்பது அன்றைய சட்டம். அவர் தம் மனைவிக்கும் ஐந்து பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு பங்கு கொடுத்தார். 20,007 பங்குகளில் 20,001 பங்குகளைத் தாமே வைத்துக்கொண்டார். தம் கடையைத் தாமே அந்தக் கம்பெனிக்கு விற்றார். கம்பெனி நொடித்தது. கடன்பட்டவர் சாலமன்தான் என்று வழக்கு வந்தபோது, சாலமன் வேறு, கம்பெனி வேறு என்று 1896 இல் பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொல்லிற்று. உலகத்து வியாபாரிகள் பலருக்கும் அன்றைக்குக் கிடைத்த கவசம் இன்றுவரை கழலவில்லை.

கடன் கொடுக்கிறவன் ஈடு கேட்கலாம், வட்டி கேட்கலாம், இஷ்டமில்லையென்றால் கொடுக்காமலும் இருக்கலாம். ஆகையால் அவன் விஷயத்தில் இந்தக் கவசத்துக்கு ஏதோ ஒரு நியாயம் சொல்லலாம். ஆனால் தொழிலாளி என்ன ஈடு கேட்டான்? உழைப்பை முதலில் கொடுத்துவிட்டுக் கூலிக்குக் காத்திருக்கிறவனிடம் கம்பெனி வேறு, நான் வேறு என்று சொல்வது வியாபாரமாகுமா? சுத்தப் பித்தலாட்டம் என்றே நாம் சொல்லுவோம்.

ஆஸ்திரேலியாவில் நடந்த சங்கதியைக் கேளுங்கள். சுஷி பே என்ற பேரில் சாப்பாட்டுக் கடைகளை நடத்தியவை நான்கு கம்பெனிகள். நான்குக்கும் டைரக்டர் ஒருவரே. 163 தொழிலாளிகளுக்குக் குறைத்துக் கொடுத்த தொகை ஆறரை லட்சம் டாலருக்கு மேல். பெரும்பாலோர் விசாவில் வந்த கொரிய நாட்டு இளைஞர்கள். பொய்க் கணக்கு எழுதப்பட்டது. சிலர் கொடுத்த சம்பளத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டியிருந்தது. 2024 இல் அந்நாட்டுக் கோர்ட்டு மொத்தம் 1.53 கோடி டாலர் அபராதம் போட்டது. அதில் 16 லட்சம் அந்த டைரக்டரின் சொந்தத் தலையில் விழுந்தது. கம்பெனிகளோ கலைப்பில் இருந்தவை. டைரக்டரைத் தொடாமல் விட்டிருந்தால் அபராதம் யாரை உறுத்தியிருக்கும்?

இதற்கு வழி செய்தது 2009 ஆம் வருஷத்துச் சட்டத்தின் 550 ஆவது பிரிவு. மீறுதலுக்கு உதவினவர், தூண்டினவர், தெரிந்தே கலந்துகொண்டவர் எவரும் தாமே மீறினவராவார் என்கிறது அது. டைரக்டர் மாத்திரமல்ல, மேனேஜரும், கணக்கு எழுதிக் கொடுப்பவரும் இதில் அகப்படலாம். 2017 இல் தாய்க் கம்பெனிக்கும் ஜவாப்தாரித்தனம் வந்தது. அபராதத்தைச் சொந்தப் பணத்திலிருந்தே கட்டவேண்டுமென்று கோர்ட்டு உத்தரவிடலாம் என்று 2018 இல் மேல்கோர்ட்டு சொல்லிற்று. 2025 ஜனவரி முதல், வேண்டுமென்றே கூலியைக் குறைப்பது கிரிமினல் குற்றம். 10 வருஷம் வரை ஜெயில் உண்டு.

நான் சின்ன வியாபாரி, சட்டமெல்லாம் எனக்கென்ன தெரியும் என்று சிலர் அழுவார்கள். கடைக்கொரு கம்பெனி வைக்கவும், கணக்கை இரண்டாக எழுதவும் தெரிந்தவருக்கு, கூலி விகிதம் மாத்திரம் தெரியாமற்போகுமா? 15 பேருக்குக் குறைவாக வேலை செய்தால் சின்ன வியாபாரம் என்று அங்கே கணக்கு. ஆனால் ஒரே கூட்டத்தைச் சேர்ந்த கம்பெனிகளின் ஆட்களையெல்லாம் சேர்த்தே எண்ணவேண்டும். வீட்டை நான்காகத் தடுத்துவிட்டு நான்கு ஏழைகள் குடியிருக்கிறார்கள் என்று சொல்ல இடமில்லை.

இவ்வளவு இருந்தும் ஓட்டை அடைபடவில்லை. தெரிந்தே செய்தார் என்று ருசுப்படுத்தாவிட்டால் டைரக்டர் தப்பிவிடலாம். கம்பெனி நொடித்தால், பாக்கிக் கூலியைச் சர்க்கார் கொடுக்க 2012 முதல் ஒரு சட்டம் இருக்கிறது. ஆனால் தற்காலிக விசாவில் வந்தவர்களுக்கு அதில் இடமில்லை. யார் அதிகமாக ஏமாற்றப்படுகிறார்களோ அவர்களுக்கே கதவு அடைப்பு! நம் ஊரிலிருந்து அங்கே படிக்கப் போய், இரவில் பாத்திரம் கழுவும் பிள்ளைகளும் இந்தக் கதவுக்கு வெளியேதான் நிற்கிறார்கள்.

ஆகவே நாம் கேட்பது இதுதான். லாபம் வந்தபோது அது கம்பெனியின் வீட்டுக்குப் போகவில்லை. கம்பெனிக்கு வீடில்லை, மனைவி மக்களில்லை. அது மனிதன் வீட்டுக்குத்தான் போயிற்று. லாபம் எந்தப் பைக்குள் போயிற்றோ, அந்தப் பையிலிருந்தே கூலி பாக்கியும் வரவேண்டும். கூலி குறைந்ததென்றால், தெரியாது என்று ருசுப்படுத்தும் பாரம் நடத்தினவர் தலையில் இருக்கட்டும். ஏமாந்தவன் தலையில் வேண்டாம்.