பாட்டு யாருடையது?

வீட்டு அறையிலேயே பாடிப் பதிவுசெய்து, யூடியூபில் தாங்களே வெளியிடும் இளைஞர்கள் பெருகிவிட்டார்கள். வரவேற்கிறோம். ஆனால், பாட்டு ஓடத் தொடங்கியதும் பங்குத் தகராறும் கிளம்பிவிடுகிறது.

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி வரிகள், மெட்டு, ஒலிப்பதிவு மூன்றும் தனித்தனி உரிமைகள். நண்பர் எழுத, இன்னொருவர் மெட்டமைத்திருந்தால், அவை அவரவருக்கே. ஒலிப்பதிவோ, அதைச் செய்யும் முயற்சியையும் பொறுப்பையும் ஏற்றவருக்கு. உரிமை பிறக்கப் பதிவு அலுவலகம் போக வேண்டியதில்லை; போனால், வழக்கில் சான்றாக உதவும்.

வாய்ப்பேச்சில் உரிமை கைமாறாது. எழுத்தும் கையெழுத்தும் வேண்டும். ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள்தான், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும்தான் என்கிறது சட்டம். 'உலகம் முழுவதும், நிரந்தரமாக' என்று ஒரு வரி நுழைந்தால் இந்தக் காப்பு போயிற்று. அவசரத்தில் பலர் படிக்காமல் விடுவதும் அந்த வரியைத்தான்! அப்போதும், 2012 திருத்தத்தின்படி, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டி பங்கை நிறுவனத்துக்கு எழுதிக்கொடுத்துவிட முடியாது. கொடுத்தாலும் செல்லாது.

ஒலிப்பதிவுக்கு உட்காரும் முன்பே, யாருக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி அனைவரும் கையெழுத்திடுங்கள்.