விஞ்ஞான விளக்கம்: எழுத்தெண்ண அறியாத இயந்திரம்

கற்றறிந்தாரை 'எழுத்தெண்ணிப் படித்தவர்' என்று புகழ்வது நம் மரபு. ஆனால் நம் வீட்டுப் பிள்ளைகள் பயிலும் கணிப்பொறிக்குத் தமிழ் எழுத்தை எண்ணத் தெரியாது என்றால் அன்பர்கள் வியப்படைவீர்கள். அக்குறையின் காரணத்தையும், அதனை நீக்கும் வழியையும் இம்மாதம் காண்போம்.

கேரள அரசின் 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம் 2001-ஆம் ஆண்டு தோன்றி, 2017-இல் 'கைட்' என்னும் நிறுவனமாயிற்று. அதன் வழியே பள்ளிகளில் லினக்ஸ் இயங்குதளம் வழங்கி வருகிறது. உயர்நிலை வகுப்புகளில் பைத்தான் என்னும் நிரல் மொழியும் கற்பிக்கப்படுகிறது. கும்பளங்கியிலும் மட்டாஞ்சேரியிலும் வாழும் நம் குழந்தைகளுக்குப் பள்ளியில் தமிழ் இல்லாமற்போகலாம், கணிப்பொறியோ உண்டு. ஆகவே அதனிடத்துத் தமிழைக் கொண்டு சேர்த்தல் நம் கடமையாகின்றது.

'கும்பளங்கி' என்னும் பெயரைப் பைத்தானிடம் தந்து நீளம் கேட்டால், பத்து என விடை வரும். நாம் எண்ணினால் கு, ம், ப, ள, ங், கி என ஆறே எழுத்துக்கள். யூனிகோடு முறையில் புள்ளியும், உகர இகரக் குறிகளும் தனித்தனிக் குறியீடுகளாகவே வைக்கப்பட்டுள்ளன. இயந்திரம் குறிகளை எண்ணுகின்றதேயன்றி எழுத்துக்களை எண்ணவில்லை. சொல்லைத் தலைகீழாக்கச் சொன்னாலோ, புள்ளி ஓரிடமும் மெய் ஓரிடமுமாகச் சிதறிப்போகும்.

இக்குறை தீர்க்க, அமெரிக்காவில் வாழும் முத்து அண்ணாமலை முதலிய அன்பர்கள் 'ஓப்பன்-டமில்' என்னும் துணைத்தொகுப்பை ஆக்கி, யாவரும் விலையின்றிப் பெற வைத்துள்ளனர். இத்தகைய தொகுப்புக்கள் இலட்சக்கணக்கில் குவிந்துள்ள பொதுக் கிடங்கு 'பைபிஐ' எனப்படும். அது 2003-இல் ஏற்பட்டது. கிடங்கிலிருந்து வேண்டியதைக் கொணரும் ஏவலாள் 'பிப்'. இது 2008-இல் பிறந்தது.

இனி, நிறுவும் முறை. திரையில் 'டெர்மினல்' என்னும் கட்டளைச் சாளரத்தைத் திறக்க. பின்வரும் கட்டளைகளை ஆங்கிலச் சிற்றெழுத்துக்களில், இடைவெளி பிசகாது தட்டுதல் வேண்டும்.

முதலாவது, 'பைத்தான்3 -எம் வென்வ் அறை' என்பது. இது 'அறை' என்ற பெயரில் தனியிடம் ஒன்றை அமைக்கும். இரண்டாவது, 'சோர்ஸ் அறை/பின்/ஆக்டிவேட்'. இதனால் அவ்வறைக்குள் புகுகின்றோம். மூன்றாவது, 'பிப் இன்ஸ்டால் ஓப்பன்-டமில்'. இணைய இணைப்பு இருப்பின் தொகுப்பு வந்து சேரும்.

தனியறை எதற்கு என்று சிலர் வினவலாம். லினக்ஸின் பல உறுப்புக்கள் பைத்தானைக் கொண்டே இயங்குகின்றன. பொதுவிடத்தில் புதியதொன்றைத் திணித்தால் அவ்வுறுப்புக்கள் பழுதாகக் கூடும். ஆதலின் 2023 முதல் வெளிவந்த டெபியன், உபுண்டு பதிப்புக்கள் பொதுவிடத்தில் பிப் நிறுவுவதைத் தாமே மறுத்துவிடுகின்றன. அம்மறுப்பைக் கண்டு பிள்ளைகள் அஞ்ச வேண்டுவதில்லை, அது காவலேயாகும். பிழை நேர்ந்தால் அறையை மட்டும் அழித்துப் புதிதாக அமைத்துக்கொள்ளலாம்.

'பிப் லிஸ்ட்' என்றால் உள்ளவற்றின் பட்டியல் கிடைக்கும். 'பிப் ஷோ' என்று தொகுப்பின் பெயரையும் சேர்த்தால் அதன் பதிப்பும் ஆக்கியோர் விவரமும் தெரியும். 'பிப் அன்இன்ஸ்டால்' நீக்கிவிடும். 'பிப் ஃப்ரீஸ்' தரும் பட்டியலைச் சேமித்து வைத்தால், வேறொரு கணிப்பொறியிலும் அதே பதிப்புக்களை நிறுவலாம்.

ஓர் எச்சரிக்கை. எங்கள் இரயில்வேயில் இ.ஆர்.எஸ். என்றால் எர்ணாகுளம் சந்திப்பு, இ.ஆர்.என். என்றால் எர்ணாகுளம் டவுன். ஓரெழுத்து மாறினால் பார்சல் வேறு நிலையத்தில் இறங்கிவிடும். கிடங்கிலும் அவ்வாறே. 2017 செப்டம்பரில், பெயர் பெற்ற தொகுப்புக்களின் பெயரைச் சற்றே திரித்து வைக்கப்பட்டிருந்த பத்துப் போலிகளை ஸ்லோவாக்கியாவின் தேசியப் பாதுகாப்பு அலுவலகம் கண்டறிந்து அறிவித்தது. கிடங்கில் யார் வேண்டுமாயினும் பொருள் வைக்கலாம். ஆகையால் பெயரை இருமுறை சரிபார்த்த பின்னரே 'என்டர்' விசையை அழுத்துக. பள்ளியின் கணிப்பொறியாயின் ஆசிரியரின் அனுமதி பெறுதல் முறை.

நிறுவியபின், பைத்தானுக்குள் 'இம்போர்ட் டமில்' என்று அழைத்து, அத்தொகுப்பின் 'கெட்_லெட்டர்ஸ்' என்னும் பணியிடம் 'கும்பளங்கி'யைக் கொடுத்தால், ஆறு எழுத்துக்களும் முழுமையாக, வரிசையாக வந்து நிற்கும்.

பெற்றோர்களே, நிரல் எழுத நீங்கள் அறிந்திருக்க வேண்டுவதில்லை. பிள்ளையை அருகிருத்தி அவன் பெயரையும் பாட்டியின் பெயரையும் தட்டச் சொல்லுங்கள். இயந்திரம் தருமுன் எழுத்தை விரல்விட்டு எண்ணச் சொல்லுங்கள். உயிர், மெய், உயிர்மெய் என்னும் பாகுபாடு அவ்வாறு எண்ணும்போதே மனத்தில் பதியும். இயந்திரத்துக்குக் கற்பிக்கத் தொடங்கும் குழந்தை முதலில் தானே கற்றுக்கொள்கிறது.